மதமும் சமூகவியலும் ஒரே பட்டத்தில்: அங்கே என்னதான் படிக்கிறார்கள்?

பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் பாடப் பட்டியலைப் பார்க்கிறவர்கள் 'மதமும் சமூகவியலும்' என்ற இளங்கலைப் பட்டத்தைக் கண்டதும் கொஞ்சம் தயங்குவார்கள். பாதிரியார் ஆவதற்கான படிப்போ என்று சிலர் நினைப்பார்கள். கடவுள் மறுப்பைப் பாடமாக வைத்திருக்கிறார்கள் போல என்று வேறு சிலர். இரண்டுமே தவறான ஊகம். இந்தியாவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மூன்றாவது கேள்வியும் உண்டு: அரசுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்தில் மதத்தைப் பாடமாக வைக்கச் சட்டம் இடம் தருகிறதா? அடிப்படையிலிருந்தே பார்த்துவிடலாம்.

ஒரே காட்சி, மூன்று கேள்விகள்

வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு வந்து மொட்டை போடுகிறவர்களில் இந்துக்கள் ஏராளம். இந்த ஒரு காட்சியை மூன்று துறைகள் மூன்று விதமாக அணுகும்.

1. இறையியல். இது நம்பிக்கைக்கு உள்ளே நின்று கேட்கும் துறை. மொட்டை போடுவது கத்தோலிக்கக் கோட்பாட்டுக்குள் அடங்குமா, மாதாவிடம் வேண்டுவதற்கும் மாதாவை வழிபடுவதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கும். பதில் சரியா தவறா என்பதே இங்கே முக்கியம்.

2. சமய ஆய்வு. நம்பிக்கை உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்லாமல், அதைப் புரிந்துகொள்ள முயலும் துறை. முடி காணிக்கை எந்தெந்த மரபுகளில் இருக்கிறது, நேர்த்திக்கடன் என்பதன் உள் தர்க்கம் என்ன, மாதாவின் கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்று போகும். நூல், சடங்கு, கதை, மொழி எல்லாம் இதன் கச்சாப் பொருள்.

3. சமயச் சமூகவியல். யார் வருகிறார்கள், எந்த ஊரிலிருந்து, எந்தச் சாதியிலிருந்து, என்ன வருமானத்தோடு? நடந்து வரும் கூட்டத்தை ஒருங்கிணைப்பது யார்? ஊருக்குத் திரும்பிய பிறகு இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையிலான உறவு மாறுகிறதா? இந்தத் துறை கேட்பது இவற்றைத்தான்.

இணைப் பட்டம் என்பது இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் படிப்பது. இறையியல் சில இடங்களில் விருப்பப் பாடமாக இருக்கும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் மூன்றாண்டு இளங்கலைக்கு மொத்தம் 360 கிரெடிட். இணைப் பட்டத்தில் இரண்டு துறைகளும் அதை ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும்.

பல்கலைக்கழகம் இங்கே எப்படி வந்து சேர்ந்தது

இன்றைக்குச் சாதாரணமாகத் தெரிகிற இந்த ஏற்பாடு 150 ஆண்டுகளுக்கு முன் சாத்தியமே இல்லை. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டர்ஹாம் பல்கலைக்கழகங்களில் பதவிகளுக்கான மதச் சோதனைகள் 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீங்கின. அதுவரை இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்றுக்கொள்ளாதவருக்கு அங்கே ஆசிரியராவது கடினம். 1904-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் எந்தத் திருச்சபையையும் சாராத இறையியல் புலத்தைத் தொடங்கியது. 1967-ல் லங்காஸ்டரில் நினியன் ஸ்மார்ட் தலைமையில் சமய ஆய்வுத் துறை வந்தது. சடங்கு, தொன்மம், கோட்பாடு, அனுபவம், அறம், சமூக அமைப்பு எனப் பல பரிமாணங்களில் எந்த மதத்தையும் பார்க்கலாம் என்பது ஸ்மார்ட்டின் அணுகுமுறை. அந்தப் பட்டியலில் சமூகமும் ஒரு பரிமாணமாக இடம்பெற்றதால் சமூகவியலுக்கு அங்கேயே கதவு திறந்துவிட்டது.

அமெரிக்காவில் இதே வேலையைச் செய்தது நீதிமன்றம். 1963-ல் அபிங்டன் வழக்கில், அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பக்தியாக வாசிக்க வைப்பது அரசமைப்புக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், மதத்தைக் கல்விப் பொருளாகப் பாரபட்சமின்றிப் படிப்பதற்குத் தடையில்லை என்றும் தெளிவுபடுத்தியது. அதற்குப் பிறகு அரசுப் பல்கலைக்கழகங்களில் சமய ஆய்வுத் துறைகள் தயக்கமின்றிப் பெருகின.

சமூகவியல் பிறந்ததே மதத்தைப் பார்த்துத்தான்

மதத்தையும் சமூகவியலையும் இப்போது யாரோ புதிதாகச் சேர்த்ததாக நினைக்க வேண்டியதில்லை. மார்க்ஸின் 'மக்களின் அபின்' வாசகம் (1844) எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முந்தைய வரியில் மதத்தை 'ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு' என்று அவர் சொல்வது பல மேடைகளில் விட்டுப்போகும்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கைம் இன்னும் சுவாரசியமானவர். ரபியின் (யூத மதகுருவின்) மகன், நம்பிக்கையற்றவர். 1897-ல் ஐரோப்பியத் தற்கொலைப் புள்ளிவிவரங்களை எடுத்து ஆராய்ந்தார். புராட்டஸ்டன்டுகள், கத்தோலிக்கர்கள் இருவருடைய திருச்சபைகளும் தற்கொலையைக் கண்டிக்கின்றன. வேதமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனாலும் புராட்டஸ்டன்டுப் பகுதிகளில் தற்கொலை விகிதம் கூடுதல். கோட்பாட்டில் விடை இல்லை என்பதால் மனிதரை மனிதரோடு கட்டிப்போடும் பிணைப்பில் அவர் விடை தேடினார். கத்தோலிக்கத்தில் கூட்டுச் சடங்குகளும் அன்றாட இணைப்பும் அதிகம். புராட்டஸ்டன்டு மரபு தனிமனிதரைத் தன் மனசாட்சியோடு தனியே நிறுத்துகிறது என்றார். பின்னால் வந்தவர்கள் அவரை விடவில்லை: கத்தோலிக்க ஊர்களில் தற்கொலையை விபத்து என்று பதிவுசெய்திருக்க வாய்ப்பு அதிகம் இல்லையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தற்கொலை ஒரு சமயத்தில் எவ்வளவு பெரிய பாவம் என்று தெரிந்தவருக்கே அந்தச் சந்தேகம் தோன்றும். கணக்கு மட்டும் தெரிந்தவர் பதிவேட்டை அப்படியே நம்பிவிடுவார்.

ஜெர்மன் சமூகவியலாளர் வேபர் எதிர்த்திசையில் வந்தார். 1904-05-ல், கால்வினியர் என்ற புராட்டஸ்டன்டுப் பிரிவினரின் முன்விதிக் கோட்பாடு (யாருக்கு மீட்பு என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்பது) அவர்களை ஓயாமல் உழைக்கவும் சேமிக்கவும் தூண்டி முதலாளித்துவ மனப்பான்மைக்கு உரமிட்டது என்று வாதிட்டார். கோட்பாடு சமூகத்தை மாற்றும் என்ற வாதம் அது. அதே ஆள் இந்திய மதங்களைப் பற்றியும் விரிவாக எழுதினார், இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமல். மொழிபெயர்ப்பு நூல்களும் பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளும் அவருக்குப் பெரிய ஆதாரம். இந்து மதம் பொருளாதார முயற்சிக்குத் தடை என்ற அவருடைய முடிவில் அந்தக் குறை தெரிகிறது. செட்டியார்களின் வட்டிக்கடைக் கணக்கேட்டைப் பார்த்திருந்தால் சற்று யோசித்திருப்பார் என்பது என் எண்ணம்.

நூலை மட்டும் நம்பிப் பார்க்கும் இந்தச் சிக்கலுக்கு இந்தியாவில் பெயர் வைத்தவர் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ். குடகு மக்களின் மதத்தையும் சமூகத்தையும் பற்றிய அவருடைய ஆய்வு 1952-ல் வெளிவந்தது. 'சமஸ்கிருதமயமாதல்' என்ற கருத்து பரவலானது அதிலிருந்துதான். ஒரு சாதி தன் சடங்கையும் உணவையும் மாற்றிக்கொண்டு மேல்நிலை கோரும் போக்கை அது குறிக்கும். நூலிலிருந்து இந்தியாவைப் பார்ப்பது ஒன்று, களத்திலிருந்து பார்ப்பது வேறொன்று என்று அவர் பிரித்துக் காட்டினார். வருணம் நான்கு என்று நூல் சொல்லும். ஊருக்குள் போனால் எத்தனையோ சாதிகள், அவற்றின் மேல் கீழும் ஊருக்கு ஊர் சண்டைக்குரியது.

கிட்டப் போய்ப் பார்த்தால்: சாமித்தோப்பு

இரண்டு துறைகளும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமித்தோப்பைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அய்யா வைகுண்டர் வழிவந்த அய்யாவழி என்ற சமய மரபின் தலைமைப் பதி (வழிபாட்டுத் தலம்) அங்கே இருக்கிறது. உள்ளே போகும் ஆண்கள் சட்டையைக் கழற்றித் தலையில் துணியால் தலைப்பாகை கட்டிக்கொள்வார்கள். கருவறையில் விக்கிரகம் இல்லை, நிலைக்கண்ணாடி இருக்கிறது. நெற்றியில் தீபச்சுடர் வடிவில் வெண்ணிற நாமம்.

சமய ஆய்வு மட்டும் படித்தவர் 1841-ல் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் அகிலத்திரட்டு அம்மானையை எடுப்பார். அதில் கலியுகம், அதன் தீயவனான கலிநீசன், திருச்செந்தூர்க் கடலுக்குள் சென்று வைகுண்டராக வெளிவந்த அய்யா, வரப்போகும் தர்மயுகம் என்று முழுமையான ஒரு பிரபஞ்சக் கதை இருக்கிறது. கண்ணாடிக்கு அவர் தரும் பொருள்: இறைவன் உனக்குள் இருக்கிறான். இது சரியான வாசிப்புதான். ஆனால் தலைப்பாகை எதற்கு? மற்றக் கோவில்களில் தலையில் இருப்பதை எடுத்துவிட்டுத்தானே போவோம்?

அதற்குப் பழைய திருவிதாங்கூருக்குப் போக வேண்டும். அன்றைக்குச் சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார்களும் அவர்களைப் போன்ற பிற சாதியினரும் தலைப்பாகை கட்டக் கூடாது, பெண்கள் மார்பை மேலாடையால் மறைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் இருந்தன. வரிச் சுமையும் ஊழியமும் தனி. மேலாடைக்காக நடந்த போராட்டம் பல பத்தாண்டுகள் நீண்டு, 1859-ல்தான் அரச அறிவிப்பு வந்தது. அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. இந்தப் பின்னணியில், தலைப்பாகை கட்டிய ஒருவர் கண்ணாடிக்கு முன் நின்று தன்னையே பார்ப்பது வெறும் தத்துவச் சடங்கு ஆகாது. தெருவில் தடுக்கப்பட்ட தலைப்பாகை சன்னதியில் கட்டாயமாகிறது. எல்லாச் சாதியாரும் பயன்படுத்திய முத்திரிக்கிணறும் இதே வரிசையில் வரும்.

சரி, அப்படியானால் சமூகவியல் மட்டும் போதாதா? 'இது மத வேடம் போட்ட சாதி எதிர்ப்பு இயக்கம்' என்று எழுதி முடித்துவிடலாமே? அங்கேதான் அடுத்த தவறு. அதே மக்களுக்கு அதே காலத்தில் லண்டன் மிஷன் கிறிஸ்தவம் என்ற வழியும் திறந்தே இருந்தது. மேலாடை உரிமைக்கு மிஷனரிகளின் ஆதரவும் இருந்தது. பலர் அந்த வழியில் போனார்கள்; பலர் போகாமல் வைகுண்டரிடம் வந்தார்கள். மிஷன் அறிக்கைகளே அவரை ஒரு இடைஞ்சலாகக் குறிப்பிடுகின்றன. ஒரே ஒடுக்குமுறை, இரண்டு வேறு தேர்வுகள். ஏன் என்று கேட்டால் கலிநீசன் கதையும் தர்மயுக நம்பிக்கையும் அந்த மக்களுக்கு என்ன பொருள் தந்தன என்பதற்குள் போகாமல் பதில் சொல்ல முடியாது. அரசாங்கக் கணக்கில் அய்யாவழியினர் இந்துக்களோடு சேர்க்கப்படுகிறார்கள். தனி மதம் என்று சொல்லும் தரப்பு அதை ஏற்பதில்லை.

எண்ணும்போது என்ன நடக்கிறது

அடுத்தது புள்ளிவிவரம். செய்திகளில் 'மதம் குறைகிறது, வளர்கிறது' என்று வரும் தலைப்புகளில் பாதி, கேள்வி கேட்ட விதத்திலிருந்து பிறப்பவை.

இங்கிலாந்து-வேல்ஸ் கணக்கெடுப்பில் மதக் கேள்வி 2001-ல்தான் சேர்ந்தது. விருப்பமிருந்தால் பதில் சொல்லலாம். தங்களைக் கிறிஸ்தவர் என்றவர்கள் 2001-ல் 71.7 சதவீதம், 2011-ல் 59.3, 2021-ல் 46.2. மதமில்லை என்றவர்கள் 2011-ல் 25.2, 2021-ல் 37.2. கணக்கெடுப்பின் கேள்வி: 'உங்கள் மதம் என்ன?' ஏதோ ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே கேட்கிறது. பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் சமூக மனப்பான்மை ஆய்வு வேறு மாதிரி கேட்கும்: 'ஏதேனும் ஒரு மதத்தைச் சேர்ந்தவராக உங்களைக் கருதுகிறீர்களா?' இதற்கு 2018-ல் 52 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். கணக்கெடுப்பு மூன்றாண்டு கழித்துக் காட்டிய எண்ணைவிட இது எவ்வளவோ அதிகம். இரண்டும் நேர்மையான கணக்குகள்தான். முதலாவது ஞானஸ்நானம், குடும்பம், நாடு என்ற அடையாளத்தைத் தொடுகிறது. இரண்டாவது சேர்ந்திருக்கும் உணர்வைத் தொடுகிறது. 2001-ல் சுமார் 3,90,000 பேர் தங்கள் மதம் 'ஜெடாய்' என்று 'ஸ்டார் வார்ஸ்' சினிமாவில் வரும் பெயரை எழுதிக் கொடுத்த கூத்தும் உண்டு. அவர்களை மதமற்றோர் பட்டியலில் போட்டார்கள்.

சட்டமும் நீதிமன்றமும்

இந்தியாவில் மதம் எது, மதத்துக்குள் எது முக்கியம் என்று முடிவு செய்யும் வேலை அதிகாரிகளிடமும் நீதிபதிகளிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு இடங்கள் குறிப்பிடத்தக்கவை.

1. இன்றியமையாத மத நடைமுறை. சென்னை மாகாண அறநிலையச் சட்டத்தை எதிர்த்த சிரூர் மடம் வழக்கில் (1954), ஒரு மதத்துக்கு எது இன்றியமையாதது என்பதை அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். நாளடைவில் அதை நீதிபதிகளே நூல்களைப் பார்த்துத் தீர்மானிக்கத் தொடங்கினார்கள். 2018-ன் சபரிமலைத் தீர்ப்பு நான்குக்கு ஒன்று என்று பிரிந்ததில் இந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு. நூலில் இருப்பதுதான் இன்றியமையாதது என்றால், நூலே இல்லாத குலதெய்வ வழிபாட்டுக்கு என்ன இன்றியமையாதது? கிடாவெட்டுக்கு எந்தச் சுலோகத்தைக் காட்டுவது?

2. பட்டியல் சாதி ஆணை. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி நிலையை, ஒருசில சீக்கியச் சாதிகள் நீங்கலாக, இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. கிறிஸ்தவத்திலும் இஸ்லாமிலும் தீண்டாமை கோட்பாடாக இல்லை என்பது இதை ஆதரிப்பவர்களின் வாதம். நூலளவில் அது சரி. ஆனால் தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்திலேயே சாதிக்கொரு பகுதி பிரித்த ஊர்கள் இருக்கின்றன. 2022-ல் இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். கோட்பாட்டைப் படித்து மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது; வீடு வீடாகப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே படிக்கச் சட்டம் இடம் தருகிறதா?

தருகிறது. அரசமைப்பின் 28-ஆவது பிரிவு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் மதபோதனை கூடாது என்கிறது. போதனைக்கும், மதங்களைப் பற்றிய கல்விக்கும் உள்ள வேறுபாட்டை இந்தியக் கல்வியை ஆராய்ந்த கோத்தாரி குழு (1964-66) எடுத்துச் சொன்னது. அமிர்தசரஸ் குருநானக் பல்கலைக்கழகச் சட்டம் தொடர்பான வழக்கில் 1971-லும், பள்ளிப் பாடத்திட்டம் குறித்த அருணா ராய் வழக்கில் 2002-லும் உச்ச நீதிமன்றம் அதே வேறுபாட்டை ஏற்றது.

ஆனாலும் இந்தியாவில் இந்த இணைப் பட்டம் அரிது. அதற்கு எனக்குத் தெரிகிற காரணம் வேலைவாய்ப்போடு தொடர்புடையது. இங்கிலாந்தில் அரசு நிதி பெறும் பள்ளிகளில் சமயக் கல்வி ஒரு பாடம். அதற்கு ஆசிரியர்கள் வேண்டும். அந்த ஆசிரியர்களை உருவாக்கத் துறைகள் வேண்டும். நம் அரசுப் பள்ளிகளில் அந்தப் பாடமே கிடையாது, எனவே அந்தச் சங்கிலியும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறிஸ்தவம், சமணம், இஸ்லாம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே துறைகளும் மையங்களும் உருவாயின; சமூகவியல் வேறு பக்கம். ஒரே மாணவர் இரண்டையும் ஒருசேரப் படிப்பதற்கு வழி அமையவில்லை.

இலங்கையில் நிலை வேறு. அங்கே சமயம் பள்ளிப் பாடம். உயர்தரத்தில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பில்) இந்து நாகரிகம், கிறிஸ்தவ நாகரிகம் எல்லாம் தேர்வுப் பாடங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இந்து நாகரிகம், சமூகவியல் இரண்டுக்கும் துறைகள் இருக்கின்றன. பெயரளவில் இணைப் பட்டமாக இல்லாவிட்டாலும், இரண்டையும் எடுத்துப் படிப்பது அங்கே புதுமை இல்லை.

நம்பிக்கையை வாசலில் விட்டுவிட வேண்டுமா?

பெற்றோர் கேட்காவிட்டாலும் மனதில் வைத்திருக்கும் கேள்வி இது. சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் 1967-ல் ஒரு வழி சொன்னார்: ஆய்வு செய்யும் நேரத்தில் மட்டும், தெய்வம் காரணம் என்ற விளக்கத்தைக் கணக்கில் எடுக்காதே. அவர் லூத்தரன் கிறிஸ்தவர். ஆய்வு மேசையில் ஒரு விதி, ஞாயிற்றுக்கிழமை வேறு விதி. ஸ்மார்ட் இதற்குக் கொஞ்சம் முரண்பட்டு, தெய்வம் உண்டு இல்லை என்ற கேள்வியையே தொடாமல் தள்ளி வைக்கலாம் என்றார். சாமியாடுகிறவரிடம் பேட்டி எடுக்கப் போனால் இந்த வேறுபாடு உடனே உறைக்கும். 'உங்களுக்கு ஏன் இப்படி ஆகிறது?' என்று கேட்பவருக்கு ஒரு பதில் கிடைக்கும். 'அம்மன் எப்போது இறங்குவாள்?' என்று கேட்பவருக்கு வேறு பதில் கிடைக்கும். பக்தி உள்ள மாணவர் முன்னதைக் கேட்கக் கூசுவார், பக்தி இல்லாதவர் பின்னதை. இரண்டு கூச்சத்தையும் போக்குவதற்கே களப்பணிப் பயிற்சியில் பெரும் நேரம் போகும்.

சேர்வதற்கு முன் சிலபஸில் பார்க்க வேண்டியவை

1. ஆய்வுமுறைக்குத் தனி பேப்பர் கட்டாயமா? புள்ளிவிவரம், நேர்காணல் இரண்டும் அதில் இருக்க வேண்டும்.

2. மூலமொழி ஒன்றாவது கற்கலாமா? அரபு, சமஸ்கிருதம், எபிரேயம் என எதுவானாலும் சரி. இல்லையென்றால் மொழிபெயர்ப்பை நம்பிய வேபரின் நிலைதான்.

3. இரண்டு துறைகளும் சேர்ந்து நடத்தும் பேப்பர் ஒன்றாவது உண்டா? பல இடங்களில் இணைப் பட்டம் என்பது இரண்டு கட்டடங்களுக்கு இடையே மாணவர் நடப்பது மட்டுமே. இரண்டையும் இணைக்கும் வேலை அவர் தலையில் விழும்.

4. இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு வழிகாட்டி எந்தத் துறையிலிருந்து? இரண்டு துறைகளிலும் ஆளுக்கொருவர் கிடைத்தால் நல்லது. ஒருவர்தான் என்றால், மற்றத் துறையின் மதிப்பெண் அளவுகோல் எப்படி என்று முதலாண்டிலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.